கோச்சியைத் துரத்த ஜீப் எதற்கு?

ரொறன்ரோவிலிருந்து ஓர் அன்பர் மின்னஞ்சல் எழுதியிருந்தார். பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, எண்பதுகளில் நாட்டை விட்டுச் சென்றவர். மகனுக்குப் புகையிரதப் பைத்தியமாம். விடுமுறைக்கு வரும்போது பலாங்கொடையில் உறவினர் வீட்டில் தங்கி, அங்கிருந்து மலைநாட்டுக் கோச்சியை வீதி வழியே பின்தொடர்ந்து படம் பிடிக்க உத்தேசம். "கொழும்பில் விசாரித்த இடமெல்லாம், நான்கு சில்லும் இழுக்கும் ஜீப் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்கிறார்கள். நாள் வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

தனி மடலில் இரண்டு வரி எழுதி முடித்திருக்கலாம். ஆனால் இந்த ஜீப் புராணத்தை அண்மைக் காலமாகப் பலர் வாயிலும் கேட்டு அலுத்துவிட்டபடியால், பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜீப் வேண்டாம் ஐயா.

முதலில் இடத்தைப் பற்றி. பலாங்கொடையில் புகையிரதம் இல்லை. பலாங்கொடையில் மட்டுமன்று, இரத்தினபுரி மாவட்டம் முழுவதிலுமே இன்று புகையிரதம் ஓடுவதில்லை (அந்தக் கதைக்குப் பின்னர் வருகிறேன்). கோச்சி பார்க்க வேண்டுமானால் ஏ 4 வீதியில் பெலிஹுல்ஓயா, ஹல்துமுல்லை கடந்து பெரகலைச் சந்திக்கு ஏறி, அங்கிருந்து இடப்புறம் திரும்பி ஹப்புத்தளைக்குப் போக வேண்டும். ஏறத்தாழ 4700 அடி உயரத்தில் இருக்கும் ஊர் அது. 1893இல் புகையிரதம் ஹப்புத்தளைக்கு வந்து சேர்ந்தது; அடுத்த ஆண்டு பண்டாரவளையைத் தொட்டது; பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆயிற்று. ஹப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை என்று வீதியும் தண்டவாளமும் ஒன்றையொன்று அதிகம் பிரியாமல் செல்லும் பகுதிதான் துரத்துவோருக்கு வாய்ப்பானது. அந்த வீதி தார் போட்ட நெடுஞ்சாலை. பதுளை பஸ்கள் இரவு பகலாக ஓடும் வீதி. அதில் நான்கு சில்லும் இழுக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது?

"கோச்சியை முந்த வேண்டுமே!" என்பார்கள். எந்தக் கோச்சியை? கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறக்குறைய 290 கிலோமீற்றர். அதற்குப் பத்து மணித்தியாலம் அளவில் எடுத்துக்கொள்ளும் வண்டி இது. 44 அடி போனால் ஓரடி ஏறும் சாய்வு. 5 சங்கிலி, அதாவது சுமார் 100 மீற்றர் ஆரையுள்ள வளைவுகள். எம் 6 எஞ்சின் இழுத்தாலும் சரி, சீனத்து எஸ் 12 வந்தாலும் சரி, அந்த மலையின் கணக்கு மாறுவதில்லை. போதாக்குறைக்கு ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டிக்காக நிலையத்தில் காத்துக் கிடக்கும். இதை முந்துவதற்கு மூவாயிரம் சீசீ எஞ்சின் கேட்பது, ஆமையைப் பிடிக்க வேட்டை நாய் வாங்குவதைப் போன்றது.

உண்மையில் கோச்சியைத் துரத்துவது வேகப் பந்தயமே அன்று. முன்கூட்டிப் போய், சரியான இடத்தில், சரியான நேரத்தில் நிற்பதுதான் அந்தக் கலையின் முக்கால் பங்கு. நிற்பதற்கு இடம் வேண்டும். வந்த வழியே திரும்புவதற்கு இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காது திறந்திருக்க வேண்டும். மலையில் கோச்சி கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே காதுக்கு வந்துவிடும். எஞ்சின் ஏற்றத்தில் முனகுவதையும், ஊதல் ஒலி எந்தச் சரிவில் மோதித் திரும்புகிறது என்பதையும் வைத்தே எத்தனை நிமிடத்தில் வரும் என்று சொல்லிவிடலாம். குளிரூட்டியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டும் வைத்துக்கொண்டு போகிறவருக்கு இதெல்லாம் எங்கே கேட்கப்போகிறது?

இனி நான் சொல்ல வந்த முக்கிய ஆட்சேபத்துக்கு வருகிறேன். ஜீப் வைத்திருப்பவர் நெடுஞ்சாலையோடு நிற்பதில்லை. கொடுத்த வாடகைக்கு ஏற்ற சாகசம் வேண்டாமா? தோட்டப் பாதைக்குள் இறங்குவார். தோட்டப் பாதை என்பது ஒரு வண்டி போகும் அகலம். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் கான். அந்தப் பாதையில் நாளைக்கு இரண்டு மூன்று தடவை கொழுந்து லொறி வந்து போக வேண்டும். மடுவத்தில் நிறுத்த கொழுந்து நேரத்தோடு தொழிற்சாலைக்குப் போகாவிட்டால் சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். பிறகு அதிலிருந்து நல்ல தூள் எடுக்க இயலாது. வளைவில் ஜீப்பை நிறுத்திவிட்டு, ட்ரோனைப் பறக்கவிட்டு, வராத கோச்சிக்காக முக்கால் மணி நேரம் அண்ணாந்து நிற்கும் கூட்டத்துக்கு இது தெரியுமா? லொறிச் சாரதி ஹோர்ன் அடித்தால் முறைத்துப் பார்ப்பார்கள். அவர் அரை மைல் பின்னோக்கி ஓட்டிப்போய் வழிவிட வேண்டும். நாள் முழுதும் நின்று கொய்தவரின் கூடைக்கு நாம் கொடுக்கும் மரியாதை இவ்வளவுதான்!

நியாயமாகப் பேசுவதென்றால் ஜீப்புக்கும் ஓர் இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏ 4 வீதியில் களுபஹனவில் திரும்பி, 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்த நீர்வீழ்ச்சியைத் தாண்டி, உடவேரியத் தோட்டத்தின் ஊடாக ஒஹிய நோக்கி ஏறும் ஒரு பாதை இருக்கிறது. பிசாசின் படிக்கட்டு என்று அதற்குப் பெயர். பலாங்கொடைப் பக்கமிருந்து மலைப் புகையிரதப் பாதையை அடைய அதுவும் ஒரு வழி. பெயருக்கேற்ற பாதை, அங்கே ஜீப்பே திணறும். ஆனால் உடவேரியத் தோட்டத்துச் சனங்கள் அந்த மலையில்தான் வாழ்கிறார்கள், நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகவும் அந்தப் பாதையைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன். வாரவிடுமுறைக்கு வந்து சேற்றை உழுதுவிட்டுப் போவோர் பின்னால் விட்டுச் செல்லும் பள்ளங்களில் அடுத்த நாள் நடக்கப்போகிறவர்கள் அவர்கள். ஒஹியவுக்குக் கோச்சியிலேயே போய் இறங்கலாம். அதைவிடச் சுகமான வழி வேறில்லை.

மோட்டார் சைக்கிள்? தனியாள் என்றால் குறை சொல்லமாட்டேன். எங்கள் பத்திரிகைக் காலத்துப் பிராந்திய நிருபர்களில் பலருக்கு அதுதான் வாகனம். அதுவும் வாய்க்காதவர்கள் பஸ்ஸில் போய் இறங்கி, தபாற்கந்தோரில் தொலைபேசிக்குக் காத்திருந்து செய்தி சொன்னார்கள். ஆனால் தகப்பனும் மகனும் கமராப் பையுமாக, எந்த நேரம் மழை வரும், எந்த நேரம் மூடுபனி இறங்கும் என்று சொல்ல முடியாத ஹப்புத்தளையில் அது சரிப்படாது. வேன் என்றால் பெருங்குடும்பத்துக்கு ஆகும். நிறுத்தத்தான் இடம் கிடைக்காது.

ஆகவே என் சிபாரிசு முச்சக்கரவண்டி. ஆம், உங்கள் ஊரில் படத்தில் பார்த்துச் சிரிப்பார்களே, அதே திரிவீலர்தான்.

ஏன் என்று சொல்கிறேன். இரு பக்கமும் திறந்தது. காதுக்கும் கமராவுக்கும் தடையில்லை. ஓரமாக ஒதுக்கினால் கொழுந்து லொறி உரசாமல் போகும். ஜீப் மூன்று தடவை முன்னும் பின்னும் போய்த் திரும்பும் இடத்தில் இது ஒரே வீச்சில் திரும்பிவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டால் மலையின் மௌனம் அப்படியே உங்களுடையது. எஞ்சின் ஓடும்போது உலகத்துக்கே கேட்கும் என்பது வேறு விஷயம்! இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. ஹப்புத்தளை நிலையத்து வாசலில் நிற்கும் முச்சக்கரவண்டிச் சாரதியின் சோறு அந்தக் கோச்சியில்தான் வருகிறது. வண்டி எத்தனை நிமிடம் தாமதம், எந்த நிலையத்தில் நிற்கிறது, இன்றைக்கு வருமா வராதா என்பதை உங்கள் கைப்பேசிச் செயலியைவிட அவர் நன்கு அறிவார். எந்த மேட்டிலிருந்து பார்த்தால் வளைவில் எல்லாப் பெட்டியும் தெரியும், எந்த வீட்டு முற்றத்தில் நின்றால் வீட்டுக்காரர் ஏசமாட்டார் என்பதும் அவருக்குத்தான் தெரியும். அவர்களில் பலர் தோட்டத்து லயன்களில் பிறந்து, பேர்க்காட்டில் பெயர் பதிய விரும்பாமல், தவணைக் கட்டணத்துக்கு வண்டி எடுத்து ஓட்டும் இளைஞர்கள். 2022இல் எரிபொருளுக்கு நாடு வரிசையில் நின்றபோது, வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோலை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியவர்கள். கொழும்பு வாடகை நிலையத்துக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு அங்கே போகட்டுமே!

முச்சக்கரவண்டி ஆபத்தானது என்பார்கள். மறுக்கவில்லை. லொறி மோதினால் அதில் இருப்பவருக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. அதனால்தான் பலாங்கொடையிலிருந்து பெரகலை வரை அதில் ஏறச் சொல்லவில்லை. அந்த ஏற்றத்துக்கு நம்முடைய பழைய கொழும்பு–பதுளை பஸ்ஸே போதும். வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் தென்புறத்துச் சமவெளி முழுவதையும் பார்த்துக்கொண்டே போகலாம். ஹப்புத்தளையில் இறங்கிய பிறகு, பகல் வேளையில், நிதானமாக ஓட்டும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோச்சியோடு போட்டி போடுவேன் என்று சொல்பவர் வேண்டாம். 2005 ஏப்ரலில் பொல்கஹவெலைக்கு அருகே யாங்கல்மோதரையில், கடவையை அவசரமாகக் கடக்க முயன்ற தனியார் பஸ்ஸில் புகையிரதம் மோதி 30க்கும் மேற்பட்டோர் மாண்ட செய்தி பத்திரிகைக்காரர் எவருக்கும் மறக்காது. தண்டவாளத்தோடு வேகத்தில் விளையாடும் எந்த வாகனமும் நல்ல வாகனம் அன்று. அது பென்ஸாக இருந்தாலும் சரி, பஜாஜாக இருந்தாலும் சரி.

இது நிற்க. புகையிரத ரசிகர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் மீது எனக்கு வேறொரு கோபமும் உண்டு. நாள் முழுதும் ஜீப்பில் கோச்சியைத் துரத்துகிறார்கள். ஆயிரம் படம் எடுக்கிறார்கள். ஒரு சீட்டு வாங்குவதில்லை! அன்றைய நாளில் டீசலுக்குச் செலவழித்த தொகையில் நூற்றில் ஒரு பங்குகூடப் புகையிரதத் திணைக்களத்துக்குப் போவதில்லை. காதலியின் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, பெண் கேட்கப் போகாதவனின் காதல் மாதிரி இது.

இதைச் சொல்லும் உரிமை பலாங்கொடைக்காரர்களுக்கு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். ஏனென்றால் ஒரு புகையிரதம் எப்படிச் சாகும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். களனிவெளிப் பாதை என்று ஒன்று இருந்தது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். தேயிலையும் இறப்பரும் ஏற்றுவதற்கென்று போடப்பட்டு, 1903இல் எட்டியாந்தோட்டைக்கும், அவிசாவளையிலிருந்து பிரிந்து 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்து சேர்ந்தது. ஓப்பநாயக்கவிலிருந்து பலாங்கொடை எவ்வளவு தூரம்? பதினைந்து கிலோமீற்றர் அளவில். அந்தக் கொஞ்சத் தூரம் கடைசிவரை போடப்படவில்லை. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், பிடுங்கப்பட்டது. எழுபதுகளில் ஓப்பநாயக்கப் பாதைக்கும் மங்களம் பாடினார்கள். நட்டம் என்றார்கள். பக்கத்திலேயே ஏ 4 வீதியில் பஸ்ஸும் லொறியும் அதைவிட விரைவாக ஓடிக்கொண்டிருந்தன. சனம் அவற்றில் ஏறியது, சரக்கும் ஏறியது, கோச்சி வெறுமையாக ஓடி நின்றுபோயிற்று. தொண்ணூறுகளில் அகலப் பாதையாக மாற்றப்பட்டதும் அவிசாவளை வரையில் மட்டுமே. மிச்சம் பல இடங்களில் குறுக்கு வீதியாகவும் வீட்டுத் தோட்டமாகவும் கரைந்துவிட்டது.

டார்ஜிலிங்கைப் பாருங்கள். இரண்டடி அகலப் பாதை; 1881இலிருந்து வண்டி வீதியோடு ஒட்டிக்கொண்டு, வீதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறுகிறது. மண்சரிவும் நட்டமும் அதற்கும் இருந்தன. கைவிடாமல் வைத்திருந்தார்கள், 1999இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை என்றது. 2005இல் நீலகிரிக்கும் அந்தச் சிறப்புக் கிடைத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீற்றர்; பஸ் அதைவிடப் பன்மடங்கு விரைவு. அதற்காக எவரும் தண்டவாளத்தைப் பிடுங்கவில்லை. மாணிக்கக் கங்கைகளின் ஓரமாக, இறப்பர்த் தோட்டங்களின் ஊடாக ஓடிய நம்முடைய சிறுவண்டி மாத்திரம் இன்று இருந்திருந்தால், ரொறன்ரோ அன்பர் ஹப்புத்தளைக்கு ஏற வேண்டியதே இல்லை. ஓப்பநாயக்கச் சந்தியில் தேநீர் குடித்துக்கொண்டே பார்த்திருக்கலாம்.

மலைநாட்டுத் தமிழருக்குக் கோச்சி வெறும் காட்சிப் பொருளும் அன்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பேரில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் மலைநாட்டு நிலையங்களில்தான் ஏறித் தலைமன்னாருக்குப் போனார்கள். அன்றும் கோச்சியைத் துரத்தியோர் உண்டு: மேடை முடியும் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஓடிய அண்ணன் தம்பிமார், தாய்மார். அந்த மேடைகளில் இன்று நின்று படம் எடுப்போர் அதையும் அறிந்திருப்பது நல்லது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் மண்சரிவு துண்டித்தது. அடிமண் கரைந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படங்களை உலகமே பார்த்தது. இவ்வாறான அழிவுக்குப் பின் ஒரு பாதையைத் திருத்துவதா, திருத்துவது வீணா என்ற கேள்வி எழும்போது, கணக்கெழுதுவோர் பார்ப்பது எத்தனை பேர் படம் பிடித்தார்கள் என்பதையல்ல, எத்தனை பேர் சீட்டு வாங்கினார்கள் என்பதையே. ஓப்பநாயக்கப் பாதைக்கும் அந்தக் கணக்கைத்தான் பார்த்தார்கள்.

சீட்டுக் கிடைப்பதில்லை என்று சொல்வார்கள். எல்ல செல்லும் வண்டிகளின் முற்பதிவுச் சீட்டுகள் கறுப்புச் சந்தைக்குப் போன விவகாரம் 2025இல் விசாரணைக்கே வந்தது, உண்மை. ஆனால் ஹப்புத்தளையிலிருந்து இதல்கஸ்ஹின்னவுக்கோ ஒஹியவுக்கோ போக முற்பதிவு எதற்கு? கருமபீடத்தில் சில்லறை கொடுத்தால் மூன்றாம் வகுப்புச் சீட்டு. இதல்கஸ்ஹின்ன மலை முதுகில் அமர்ந்திருக்கும் நிலையம். மேடையின் இரு பக்கமும் பள்ளம். அங்கே இறங்கி நின்றால் கோச்சியைத் துரத்தவே வேண்டாம், அதுவே உங்களிடம் வரும். நிலைய அதிபர் வளையத்தில் கோத்த அனுமதித் தகட்டை எஞ்சின் சாரதியோடு கைமாற்றிக்கொள்வதையும் மகனுக்குக் காட்டலாம். கனடாவில் அதைக் காணக் கிடைக்காது. கனடா என்றதும் ஞாபகம் வருகிறது: கொழும்புத் திட்டத்தின் கீழ் ஐம்பதுகளில் அந்த நாடு நமக்குத் தந்த எம் 2 டீசல் எஞ்சின்களுக்கு அங்குள்ள மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். ஒன்றின் பெயர் ஒன்ராறியோ. பையனுக்குச் சொல்லுங்கள், மகிழ்வான்.

எனவே அன்பரே, திட்டம் இவ்வாறு இருக்கட்டும். புறப்படுமுன் ஹப்புத்தளை நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, வண்டிகள் எதுவரை ஓடுகின்றன, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலாங்கொடையிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் ஏறுங்கள். ஹப்புத்தளையில் இறங்கி, போகவும் வரவும் சீட்டு வாங்கி இதல்கஸ்ஹின்னவுக்குப் போய்வாருங்கள். கதவில் தொங்கிப் படமெடுக்க மகனை விடவேண்டாம். அப்படித் தொங்கி விழுந்து இறந்த வெளிநாட்டவர் பற்றிய செய்திகள் அண்மைய ஆண்டுகளில் அடிக்கடி வந்திருக்கின்றன. மதியத்துக்குப் பின் நிலைய வாசலில் ஒரு முச்சக்கரவண்டியைப் பிடித்துப் பண்டாரவளை வரை துரத்துங்கள். வாடகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குச் சாரதித் தம்பியையும் கூப்பிடுங்கள். தோட்டத்துக்குள் இறங்குவதானால் முதலில் அங்கே நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கொழுந்து லொறி வந்தால், கோச்சி வரும் நேரமாக இருந்தாலும், வழிவிடுங்கள்.